மேகலா வூட்டுல இல்ல

...பின்ன என்ன மேடம், ஊக்க மருந்து சோதனைன்னு மூத்திரம் புடிக்க டெல்லியிலேருந்து உங்கள மாதிரி ஆளு அனுப்புறாங்கன்னா யாரு நம்புவா? குன்னம் தாலுக்காவுல எந்த மாமியாராச்சும் இதக் கேட்டிருப்பாளா? உக்காருங்க, உக்காருங்க. மேகலா உள்ளதான் இருக்கா, கூப்புடுறேன்.

ஊரு என்ன சொல்லிச்சு தெரியுமா? "தனத்தோட மருமவ ஊசி போட்டுத்தான் எறிஞ்சா, புடிச்சிட்டாங்க"ன்னு. ஊசியா! தலைவலி மாத்திர கூட தொடமாட்டா. சம்மட்டி எறியிறதுன்னு பேரு, ஆனா சம்மட்டியே கெடையாது. நாலு கிலோ இரும்புக்குண்டு, கம்பியில கோத்தது. சுத்திச் சுத்தி வுட்டான்னா அறுபத்திரெண்டு மீட்டரு. எங்க மக்காச்சோளக் கொல்லையில எத்தினி கருது போச்சுங்கிறீங்க! எம்மவன் கலையரசனுக்குத் திருமானூருல பொண்ணு பாக்கப் போனப்ப, எட்டு காப்பி வச்ச தட்ட ஒத்தக் கையில தூக்கிட்டு வந்தா. இவகிட்ட சண்ட போடக்கூடாதுன்னு அப்பவே நெனச்சேன்... சிரிக்கிறீங்களே.

அப்பறந்தான் தடை. ரெண்டு வருஷம். ஊசியால இல்ல மேடம், உங்காளுங்க வர்றப்ப வூட்டுல இல்லைன்னு. தெனம் காலையில ஒரு மணி நேரம் எங்க இருப்பேன்னு போன்ல எழுதி வைக்கணுமாம், வருஷத்துல மூணு தடவ ஆளக் காணாம்னா போச்சாம். இது ஒரு சட்டமா? சரி, உங்களச் சொல்லல.

மொத தடவ வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போயிருந்தோம். "போன்ல மாத்தி எழுதிட்டு வரேன் அத்தை"ன்னா. "சாமி கும்புட யாருகிட்டடி பர்மிசனு"ன்னு இழுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டாவது, அரியலூருல எங்க நாத்தனா பேரனுக்குக் காதுகுத்து... ம்... அதுவும் நாந்தான்.

மூணாவது தடவ... அவ உள்ளதான் தூங்குனா. போட்டிக்குப் போயிட்டு வந்த அலுப்பு. வாசல் தெளிக்கிறேன், ரெண்டு பேரு வந்து மேகலா இருக்காங்களான்னாங்க. எதுக்குன்னேன். மூத்திரத்துக்குன்னாங்க! எதுத்த வூட்டு புவனேஸ்வரி கொடத்தோட நிக்கிறா. கல்யாணமாயி ஒரு வருஷம், புள்ள இல்ல, மூத்திர டெஸ்ட்டுன்னா ஊரு வாயி சும்மாவா இருக்கும்? "அவ ஊருக்குப் போயிட்டா"ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். ஒரு மணி நேரம் வெளியவே நின்னுட்டுப் போனாங்க, பாவம்.

வெளையாட்டுக் கோட்டாவுல வரவேண்டிய வேல போச்சு. வெளிநாட்டுப் போட்டி போச்சு. உங்க ஆபீஸ்ல கேட்டப்ப, "நாந்தான் போன்ல மாத்தி எழுத மறந்துட்டேன்"னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. நான் கதவச் சாத்துனது எம்மவனுக்கே இன்னிக்கி வரைக்கும் தெரியாது மேடம். திட்டியிருந்தாக்கூட பரவால்லயே! ரெண்டு வருஷம் தனியா கொல்லையில சுத்திச் சுத்தி எறிஞ்சிக்கிட்டே இருந்தா. நான் வெயில்ல நின்னு குண்டத் தேடித் தூக்கியாந்து குடுத்தேன். வேற என்ன செய்யிறது நான்?

போன மாசம் தடை முடிஞ்சுது. போன வாரம் பெரம்பலூருல எறிஞ்சா. அம்பத்தொம்போது. பழைய தூரத்துக்கு இன்னும் மூணு மீட்டரு இருக்கு, புடிச்சிருவா...

இந்தா, அவளே வந்துட்டா! ஏன்டி, மேடம் வந்து அரை மணியாவுது, நீ எங்க... என்னது? பாத்ரூமா? போயிட்டியா? மொத்தமாவா? அட ஆண்டவனே, பேச்சு மும்முரத்துல ஒன்னையக் கூப்புடவே இல்லையே நான்!

மேடம், எந்திரிக்காதீங்க. அவ ரெண்டு சொம்பு தண்ணி குடிக்கட்டும், ஒரு மணி நேரத்துல வந்துரும். அது வரைக்கும் அவ மொத மெடலு வாங்குன கதையச் சொல்றேன் கேளுங்க...