கிளட்ச்சில் இரண்டு விரல்

எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் என் பட்டறைக்கு வருவார்கள், ஐயா. நல்ல பெட்டி, கெட்ட பெட்டி என்று எதுவும் கிடையாது. ஓட்டுகிறவனைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்கு வண்டி விவரம் தெரியாது என்றீர்கள். இப்போதைய பைக்குகளில் பெட்ரோலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கம்பெனி வைத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இழுவை போதவில்லை என்கிறவர்கள் அதைத் திருத்தச் சொல்வார்கள். சீட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ட்யூனர் பெட்டி ஒன்றைப் பொருத்துவோம். அதில் இரண்டு வகை. ஒன்று, புகையை மோந்து பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். மற்றது, நான் லேப்டாப்பில் போட்டுக் கொடுக்கும் எண்களை அப்படியே கேட்கும்.

ராஜபாளையத்தில் பதினோரு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். நான் என்று சொல்வது தப்பு. எண்கள் போடுவது நான், ஓட்டிப் பார்ப்பது நவாஸ். எனக்கு வேகம் ஆகாது, நாற்பதைத் தாண்டினால் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது நிதானமாகப் போய், என்ஜின் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொள்வான். வண்டி சரியாக இருந்தால் அங்கே எனக்குப் பால்கோவா வாங்குவான். பொட்டலம் இல்லாமல் வந்து நின்றால் நான் மறுபடி லேப்டாப்பைத் திறப்பேன். வாயால் கேட்டுக்கொண்டதே இல்லை. பொட்டலம் வாங்கிய நாளில் திரும்பும்போது முழு வேகம். அது சோதனை இல்லை, அவன் சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது ட்யூனிங்கில் ஓட்டுகிறவர்கள் இரண்டு விரலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்பார்கள். என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் சேர்ந்து நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் தன்னால் உருண்டு வண்டி ஓரமாக வந்து நிற்கும். வேறு பட்டறை வண்டி என்றால் நவாஸும் விரல் வைப்பான். என் வண்டிக்கு வைக்க மாட்டான். இம்மானுவேல் அண்ணன் போட்ட எண்ணுக்கு விரல் வைத்தால் அவியளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

போன மாதம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பெரிய கம்பெனி, வண்டி ஓட்டிப் பார்க்கிற வேலைதான். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவன் மனைவி சுமையா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டத் தொடங்கிவிட்டாள். பட்டறையில் சரிபாதி எழுதித் தருகிறேன் என்றேன். "ஒங்களுக்கு வேற ஆளு கெடப்பான்ணே" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு வேறு ஆள் வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதனைப் போகாதே என்று எத்தனை முறை சொல்ல முடியும்?

அந்த வாரம்தான் பேண்டேஜ் கம்பெனிக்காரர் மகன் கௌதம்ராஜ் புது பைக்கோடு வந்து எந்தப் பெட்டி வாங்குவது என்று கேட்டான். தானாகச் சரிசெய்துகொள்வதை வாங்கச் சொன்னான் நவாஸ். நானும் வேறு சமயமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது வர இருபது நாள் ஆகும், மற்றதைப் போட்டுக்கொள் என்றேன். நவாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தானாகச் சரிசெய்துகொள்வது அலமாரியிலேயே ஒன்று இருந்தது. அதைக் கைப்பற்றி எழுதிக்கொண்டது நீங்கள்தான்.

எண்களில் கீழ் வரிசை, நடு வரிசை எல்லாம் சுத்தமாகப் போட்டேன். நான் போட்டதிலேயே சிறந்தது அதுதான் என்பேன். மேல் வரிசையில் மட்டும் பெட்ரோலைக் குறைத்தேன். முழு வேகத்தில்தான் அந்த வரிசை வேலை செய்யும். முதலில் வண்டி காற்றாய் இழுக்கும், செத்த நேரத்தில் சூடேறும். கௌதம்ராஜுக்கு ஆபத்து வராது. நவாஸ் ஓட்டாத வண்டியை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.

காலை பத்து மணிக்கு வண்டியை எடுத்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"கடைசி வண்டில்லாண்ணே. மனசு ஒரு மாதிரி இருக்கு. இன்னைக்கு வெரலு வச்சிக்கிடட்டுமா?"

"ஏலே, நான் போட்டதுக்கா?" என்றேன்.

சிரித்தான். விரல்களை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

ஒரு கால் உடையும், மூன்று மாதம் படுத்திருப்பான், அவ்வளவுதான் நினைத்தேன். ஓசூர்க்காரர்கள் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார்கள். கால் மட்டும் உடைய அவ்வளவு வேகம் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும்தான். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பிஸ்டன் பிடித்திருக்கிறது. பெட்டியில் எல்லாம் பதிவாகியிருக்கும். அழிக்கத் தெரியாதவன் இல்லை நான், அழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை வெட்டி எடுத்தபோது பால்கோவா பொட்டலம் உள்ளே இருந்தது. வண்டி சரியாக இருக்கிறது என்று அவன் எனக்குச் சொன்னது அது. வீட்டில் வைத்திருக்கிறேன்.

கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேச்சும் வராது என்கிறார்கள். ஆனால் எல்லாம் புரிகிறது, கண் பார்த்தால் தெரியும். தினமும் காலை எட்டு மணிக்கு நான்தான் போய் ஊட்டுகிறேன். அட்டைப்பெட்டிகளையும் நானே பிரித்துப் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன். சுமையா உங்களிடம் ஏதோ சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் ஊட்டினால் வாயைத் திறக்கிறான், என் காலடிச் சத்தம் கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது என்று. அது உண்மைதான். அவளுக்கு அவனைக் கட்டி ஆறு வருடம்தான் ஆகிறது, அவனைப் பற்றி என்ன தெரியும்? வெட்கப்படுகிறான். என்னிடம் அவன் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. நேற்றுகூட ஸ்பூனின் காம்பை இடுக்கிலே கொடுத்துத்தான் பல்லைத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு விழுங்கினான்.

நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஒரு போலீஸ்காரரைத் துணைக்குப் போட்டு என்னை அங்கே அனுப்புங்கள். எட்டு மணிக்கு நான் வராவிட்டால் அவன் தேடுவான்.