கரண்ட் போன பிறகு

"உலகத்தில எந்தப் பெரிய ரொக் ட்ரம்மரையும் கொண்டு வா, மச்சான். கொட்டாஞ்சேனைக் கலியாண வீட்டில ஒரு பைலா ஆட்டப்பாட்டோட களைச்சுப் படுத்திடுவான்!"

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொன்னவர் கையில் ட்ரம்ஸ் குச்சிகள். மற்றவர் மடியில் பேஸ் கிட்டார் பெட்டி.

"ஏன் படுக்கிறான்?"

"ரொக் பாட்டு ஒரு இடத்தில முடியும். பைலா தொடங்கினா சனம் நிப்பாட்ட விடுமா?"

"ட்ரம்மரைத் தாங்கிறதே பேஸ்காரன்தான். எந்தப் பெரிய பேண்டையும் எடு. பேஸை நிப்பாட்டினா பாட்டு பொத்தெண்டு விழும்."

"விழுந்ததோ? போன கிழமை கலியாண ஹோல்ல கரண்ட் போகேக்க உன்ர பேஸ் ஊமையாப் போச்சு. நான் தனிய அடிச்சனான், ஒருத்தரும் ஆட்டத்தை விடேல்ல. மாப்பிள்ளையின்ர மாமி கதிரையில ஏறி ஆடினவ! இப்ப சொல்லு, ஆர் பெரிசு?"

குச்சிகள் முன் இருக்கைக் கம்பியில் படபடவென்று அடித்தன. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நிப்பாட்டினதெண்டு ஆர் சொன்னது? சத்தம்தான் வரேல்ல. கடைசி மட்டும் வாசிச்சனான். போன் லைட்டில என்ர விரலைப் பாத்துப் பாத்துத்தானேடா நீ அடிச்சனி!"

கம்பியில் தாளம் நின்றது.

"அதை ஆருக்கும் சொல்லிப்போடாத, மச்சான்," என்றார் குச்சிக்காரர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.