நிற்கக் கூடாத உருளை

ஐயா,

ஒரு கூழாங்கல் கண்ணாடிபோலப் பளபளக்க ஐந்து வாரம் ஆகும். கல், தண்ணீர், அரைப்புத் தூள் மூன்றையும் ரப்பர் உருளைக்குள் போட்டு மூடி மோட்டாரில் பூட்டிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு வாரம் தூளை நைசாக மாற்ற வேண்டும். கடைசி வாரம் பாலிஷ் தூள். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் சேறு அடியில் இறுகிக் கல்லில் தழும்பு விழுந்துவிடும்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வாயால் சொன்னால் எனக்கு வரிசை தப்பிவிடும். இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு அடுக்கும் வேலை பார்ப்பவன். அதனால்தான் காகிதம் கேட்டேன்.

சமையலறையை உடைத்ததும் கல்லால்தான். பதினோரு மாதத்துக்கு முன் உருளைச் சேற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். அது குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. குழாயை எடுக்கத் தரையை உடைத்தேன், தரையோடு சுவரும் கொஞ்சம் வந்தது. வந்ததுதான் வந்தது, முழுவதையும் நானே புதிதாகச் செய்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அடுப்புக்குப் பின்னால் என் கற்களையே வரிசையாகப் பதிப்பதாக ஒரு படமும் வரைந்து காட்டினேன். அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம் சுவர், ஒரு மணி நேரம் கல். சுவரைத் தொட்டால் கல் கெட்டது, கல்லைப் பார்த்தால் சுவர் நின்றது. ஈரச் சுவரில் மின்சாரம் கசிந்து, வீட்டின் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி தானாக விழும். உருளை நின்றுவிடும். இரண்டு முறை ஐந்து வார வேலை பாழாய்ப் போனது. மூன்றாவது முறை அப்படி ஆகக் கூடாது என்று மீட்டருக்குப் பக்கத்தில், மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, ஒரு தனி ஒயர் எடுத்தேன். மெயினை அணைத்தாலும் அது சாகாது. சமையலறைச் சுவரில் ஏற்கனவே கொத்தியிருந்த பள்ளத்தில் அதை வைத்துப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். மேலே நானே பூசினேன்.

அந்தப் பதினோரு மாதமும் படுக்கையறைத் தரையில்தான் அடுப்பு. குளியலறையில்தான் பாத்திரம். "உங்க கல்லுக்கு இருக்கிற யோகம் எங்களுக்கு இல்லைங்க. அது ராத்திரி பகலா குளிக்குது. நாங்க சட்டி பானையெல்லாம் ஒதுக்கிட்டுக் குளிக்கிறோம்" என்பாள் மனைவி. பிறகு அப்படிப் பேசுவதையும் விட்டுவிட்டாள். போன மாதக் கடைசியில் மகள் அடுப்பைத் தாண்டும்போது கொதிக்கிற பாத்திரம் காலில் சாய்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மனைவி ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். "வாயால சொன்னது போதும். எழுதிக் குடுங்க." உருளையை நிறுத்திவிட்டேன், சமையலறை முடியும்வரை தொடமாட்டேன் என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டேன். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "இனிமே அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா, புள்ளையோட நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். உருளையை நிஜமாகவே நிறுத்தினேன். ஒரு மணி நேரம். பிறகு மரப்பெட்டிக்குள் வைத்துப் போர்வை சுற்றிப் பின்னறைப் பரண்மேல் ஓடவிட்டேன். போன வியாழன் காலை ஆறு மணிக்குப் பாலிஷ் வாரம் தொடங்கியது.

ஞாயிறு காலை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், முப்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். நான்கு நாளில் முடித்துத் தருகிறேன் என்று கூலியில்லாமல் வந்தவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, சமையலறை கட்டுறீங்களா, புதையல் தேடுறீங்களா?" என்றார். தங்கை சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

மச்சான் வேலையில் சுத்தம். "மெயின அணைச்சிட்டீங்களா மாப்ள?"

"அணைச்சிட்டேன் மச்சான்."

உண்மைதான். டெஸ்டர் வைத்து அவரும் பார்த்தார். உள்ளிருந்து மனைவி, "ஃபேன் நின்னுடுச்சு, புள்ள புழுக்கத்துல கெடந்து வேகுது. நான் இப்பவே போய்க் கட்டு மாத்திட்டு வந்துடறேன்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஃபேன் நின்றதை அவள் உங்களிடம் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை.

வீடு அமைதியானதும் மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "வெளிய தூறுதா மாப்ள?"

"பக்கத்து வீட்டு மோட்டார் மச்சான்."

அன்று அவரிடம் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

அவர் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் பூசிய இடத்தில் சத்தம் மாறியது. "உள்ள பொக்கையா இருக்கே. யாரு பூசினது?"

"நான்தான்."

"ஃபிரிட்ஜ்ல ஒட்டின கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. பூச்சு பல்லிளிக்குது. கொத்திட்டுத்தான் ஒட்டணும்."

தரையில் தண்ணீர் தெளித்திருந்தார். காலில் செருப்பில்லை. கையில் முழு இரும்பு உளி. மீட்டர் பெட்டி அங்கிருந்து பதினான்கு அடி தூரம். பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் ஒயர் செத்துவிடும். உருளையும் நின்றுவிடும். கட்டையைப் பிடுங்கியதும் அந்தத் தூறல் சத்தம் ஏன் நின்றது என்று அவர் கேட்பார். தங்கையிடம் சொல்வார். தாள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பாலிஷ் முடிய இன்னும் நான்கு நாள்கூட இல்லை.

யோசிக்க நேரம் இருந்தது. அவர் உளியை இரண்டு முறை தீட்டினார்.

"மேலாப்புல கொத்துங்க மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது அடியில் கத்தாமல் விழுந்தார். ஒயரின் தோல் மட்டும் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அறுந்து போகவில்லை. பின்னறையில் மழைச் சத்தம் நிற்கவில்லை. கிழிந்த இடத்தில் டேப் சுற்றினேன். அவர் குழைத்து வைத்திருந்த கலவையையே எடுத்து அந்த இடத்தைப் பூசினேன். பிறகு வாசலுக்குப் போய் மெயினைப் போட்டேன், அவர் அணைக்காமல் வேலை பார்த்து ஈரச் சுவரின் கசிவில் அடிபட்டதாகத் தெரியும்படி. இத்தனைக்கும் பதினோரு நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை அவருடைய விரல்கள் என் கணுக்காலைப் பிடித்தன. மின்சாரம் பாய்ந்த உடம்பில் தசை தானாக இழுக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

அன்று மாலை அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "பாவம், எவ்வளவு நேர்த்தியான பூச்சு" என்றீர்கள். அது மச்சானுடைய பூச்சு இல்லை, என்னுடையது. இந்தத் தடவை நன்றாக வந்திருந்தது.

மனைவி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். "அண்ணன் மறக்கிற ஆளே இல்லைங்க. ஃபேன் நின்னதை நான் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நான் எதையும் எனக்காகச் செய்யவில்லை. அந்தக் கற்கள் அவள் அடுப்புக்குப் பின்னால் பதிக்கத்தான். முப்பத்தாறு கற்கள், படத்தில் உள்ள வரிசைப்படி.

மேலே உள்ளவை அனைத்தும் என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியவை. எந்தத் தண்டனைக்கும் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் ஆட்கள் ஒயரைப் பார்க்க வீட்டுக்குப் போவார்கள். சுவரைக் கையால் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸ் கட்டையை மட்டும் வியாழன் காலை ஆறு மணிக்குப் பிறகு பிடுங்கட்டும்.