மீன் குடில் வீடான விதம்

என் பெயர் லைல் ஹால்வர்சன். வயது 58. மினசோட்டா மாநிலத்தில் ஏரியின் வடகரைச் சாலையில் மனைவி மார்லிஸுடன் குடியிருக்கிறேன். மரம் அறுக்கும் ஆலையில் மேற்பார்வை வேலை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இந்த ஷெரிஃப் காவல் அலுவலகத்துக்கு வரவில்லை. டிசம்பரில் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துவதற்காக நானாக வந்திருக்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்ட டுவேன் காங்கஸ் என் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். ஏரி உறைந்ததும் நாங்கள் இருவரும் பனிமேல் அருகருகே மரக்குடில்களை இழுத்துப்போட்டு, அடியில் துளையிட்டு மீன் பிடிப்பது பல வருட வழக்கம். சென்ற டிசம்பரில் அவன் வழக்கமாகப் போடும் இடத்தில் நான் முந்திக்கொண்டு என் குடிலைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றது. அதன் பிறகு ஒரு ஞாயிறன்று நான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது அவன் என் குடிலின் பூட்டை நெம்பி, பனி துளைக்கும் மெஷினை எடுத்துப்போனான். அதை மறைக்கவில்லை, அவன் வாசலிலேயே கிடந்தது. முன்பெல்லாம் கேட்காமல் எடுத்துப்போவான், கேட்காமல் கொண்டுவந்து வைப்பான். இருந்தும் நான் இதே ஷெரிஃப் அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

அதன் பிறகு வந்த பெண் அதிகாரி குடிலுக்குள் கட்டிலையும் அடுப்பையும் காபிப் பாத்திரத்தையும் பார்த்து, "இதுல யாராச்சும் தங்குறதுண்டா?" என்று கேட்டார். "வீடே இதுதாங்க. கரையில இருக்குற வீட்டுக்குப் போறது குளிக்க மட்டுந்தான்" என்றேன். ஏரியில் எல்லா ஆண்களும் சொல்வதுதான். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க. பூட்டை நெம்பித் திருடுனது வெறும் கொட்டகைலன்னா அது ஒரு தரக் குற்றம். ஆள் குடியிருக்குற வீட்டுலன்னா அதைவிடப் பெரிய தரம்" என்றார். நான் முதலில் சொன்னது கிண்டல். அடுத்துச் சொன்னது கிண்டல் அல்ல. நெம்பிய பூட்டு அப்போது என் கையில் இருந்தது. "ராத்திரியெல்லாம் இங்கதான் படுக்குறேன், எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, குடியிருக்கும் வீட்டில் புகுந்து திருடியதாக டுவேன் மேல் வழக்குப் பதிவானது. அவனைப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிரூபணமானால் ஆண்டுக்கணக்கில் சிறை என்றும், திரும்பி வந்தாலும் பள்ளி வண்டியைத் தொட முடியாது என்றும் கேள்விப்பட்டேன். அன்றே நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதன் பிறகு, சென்ற வாரம் அவன் மனைவி ஆர்டிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "லைல், நீங்க ஒரு ராத்திரிகூட அங்க படுத்ததில்ல. குளிர்னா மொதல்ல ஓடுற ஆளு நீங்க. இருட்டினா உங்க சமையக்கட்டு விளக்கு எரியும். அதைப் பாத்துட்டு, 'லைல் போயிட்டான், இனி எனக்கு மட்டும் என்ன'ன்னு டுவேனும் அவர் குடில்லேருந்து எந்திரிச்சு வீட்டுக்கு வருவாரு" என்றார். மார்லிஸ் எனக்கு ஊற்றிய காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அந்தக் குடிலில் ஓர் இரவும் தூங்கியதில்லை. அது வீடு அல்ல. டுவேன் பூட்டை நெம்பியது உண்மை, மெஷினை எடுத்தது உண்மை. அதற்கு உள்ள தண்டனையை அவனுக்குக் கொடுங்கள். அதற்கு மேல் அவன் தலையில் ஏற்றியது நான். வெட்கப்படுகிறேன்.

பொய் சொன்னதற்கு எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அது சின்னத் தரக் குற்றம், அபராதத்தோடு போனாலும் போகும் என்று இங்குள்ள அதிகாரி சொன்னார். நான் சொன்ன ஒரு பொய்யால் அவனுக்கு வந்தது பெரிய தரம், எனக்கு வருவது சின்னத் தரம். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இந்த முறை உண்மை.

(ஒப்பம்) லைல் ஹால்வர்சன்