என் மகள் கவியா கப்பலேறியது குறித்து

நான், வேணுகோபால் மகன் தெட்சிணாமூர்த்தி, வயது 57, காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன், மேலத்தெருவில் வசித்து வருகிறேன். நெல் சாகுபடி செய்து வருகிறேன். எனக்கு மனைவி சந்திரலேகாவும் ஒரே மகள் கவியாவும் உள்ளனர். கவியாவுக்கு வயது 23. நர்சிங் படிப்பு முடித்து காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்து வந்தாள். என் தம்பி நீலகண்டன் எனக்குப் பக்கத்து வீட்டில் வசித்து வருகிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மேற்படி கவியாவுக்கு ஆசை வார்த்தை சொல்லி, மதம் மாற்றும் நோக்கத்துடன் இலங்கைக்கு அனுப்பிவிட்டதாக, அதே மருத்துவமனையில் மூத்த நர்சாக இருக்கும் பெரியநாயகி என்பவர் மீது என் தம்பி கொடுத்த மனு சம்பந்தமாக, பெண்ணின் தகப்பனார் என்ற முறையில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

சென்ற ஐப்பசி மழையின்போது பட்டினச்சேரி மீனவர் கிராமத்தில் கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறிவிட்டது. அதன் பிறகு மேற்படி பெரியநாயகி சார்ந்த தேவாலயத்தின் மூலமாக ஒரு சேவைக்குழு அங்கே வந்து தங்கியது. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மருத்துவ முகாமுக்குத் தமிழ் பேசும் நர்ஸ்கள் வேண்டும் என்று பெரியநாயகி கேட்டதன் பேரில் என் மகள் போக விரும்பினாள். நான் சம்மதித்து, தினமும் என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, மாலையில் போய் அழைத்து வந்தேன். முகாம் முடியும் வரை வெளியில் நின்றுகொண்டிருப்பேன். அங்கே வந்தவர்கள் நல்லவர்களாகவே தெரிந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் வெயிலில் முகம் சிவக்க பால்வாடிச் சுவருக்கு வர்ணம் அடித்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசி நாளில் கட்டிப்பிடித்து அழுதார்கள். வேன் கிளம்பிப் போனது. மறுநாளிலிருந்து அங்கே யாரும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் கவியா என்னிடம் வந்து மறுபடியும் பட்டினச்சேரிக்குப் போக வேண்டும் என்றாள். முகாம்தான் முடிந்துவிட்டதே என்று நான் கேட்டதற்கு, செல்லம் என்ற மீன் விற்கும் பெண்மணிக்குச் சர்க்கரை வியாதியால் காலில் புண் இருப்பதாகவும், முகாமில் ஒரு வாரம் கட்டுப் போட்டதாகவும், அதற்குப் பிறகு கட்டை மாற்ற ஆளில்லை என்றும் சொன்னாள். நான் அழைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தபோது பழைய கட்டின் மேலேயே செல்லம் ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தார். கவியா அதைப் பிரித்தபோது அடித்த வாடையில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. அன்றே அவரை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டு மாற்ற என் மகளை நான்தான் அழைத்துப்போனேன். தை அறுவடை சமயத்தில்கூட ஒரு ஞாயிறும் விடவில்லை. செல்லம் ஒருநாள் என்னிடம், "வர்றவங்க வருவாங்க, படம் புடிச்சுட்டுப் போவாங்க அண்ணே. ஒங்க பொண்ணு மறுவாரமும் வந்துச்சு பாருங்க, அதான்" என்று சொன்னார். நான் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வயலில் நிற்கும்போது பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் என் தம்பி முயற்சி எடுத்து கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கவியாவுக்குப் பார்த்தார். இரு வீட்டாருக்கும் பிடித்து, வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்வதாகப் பேசினோம்.

மாசி மாதத்தில் மேற்படி தேவாலயத்திலிருந்து ஒரு குழு, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய், முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட கிராமங்களில் பத்து நாள் சேவை செய்வதாக ஏற்பாடானது. கவியா தானும் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். துபாய் வேலைக்காக அவள் முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதன் பிறகு நானே பெரியநாயகியை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்ததும் காபிகூடக் கொடுக்காமல், "மதம் மாத்தத்தானே இவ்வளவும் பண்றீங்க?" என்று நேரடியாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க ஜெபம் பண்ணுவோம் சார், அத மறைக்க மாட்டேன். யேசு சாமியப் பத்திக் கேட்டா சொல்லுவோம், அதையும் மறைக்க மாட்டேன். ஒங்க பொண்ண நான் எதுவும் பண்ணச் சொல்ல மாட்டேன். இதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டாமல் இப்படிச் சொன்னதால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்காததால் தான் போகப்போவதில்லை என்றும், பாதரும் வயதான இரண்டு சிஸ்டர்களும் கூடப் போவதாகவும் அவர் தெரிவித்தார்.

அவர் போன பிறகு நான் கவியாவிடம், பட்டினச்சேரிக்கு வந்தவர்கள் பத்து நாளில் போய்விட்டதால்தானே செல்லத்துக்கு விரல் போனது, நீயும் பத்து நாளில் திரும்பி வரத்தானே போகிறாய், இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டேன். அதற்கு அவள், "அதுக்குத்தாம்ப்பா நான் போகணும். இவங்க முகாம் போட்டுட்டு அப்படியே விட்டுட்டு வந்துருவாங்க. யாருக்கு என்ன புண்ணு, யாருக்கு எப்ப கட்டு மாத்தணும்னு அந்த ஊரு நர்சம்மாகிட்ட ஒப்படைச்சுட்டு வரணும். இதச் சொன்னா இவங்களுக்குப் புரியுது, ஆனா செய்யறதுக்கு ஆளு இல்ல" என்றாள். போய்விட்டு வா என்று சொன்னேன்.

என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அழுதார். இருந்தாலும் புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். என் தம்பியிடமும் உறவினர்களிடமும் கவியா பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருப்பதாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தது நான். என் மகளை நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு அழைத்துப் போனதும் நான். பயணிகள் உள்ளே போகும் வழியில் அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பிப் பார்த்தால் நான் மனம் மாறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கப்பல் கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

அவள் போன சில நாட்களில், சேவைக்குழுவினர் எடுத்த ஒரு போட்டோ எப்படியோ எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் முல்லைத்தீவு என்று எழுதி, சிலுவை போட்ட ஒரு பேனருக்கு முன்னால் பலர் நிற்கிறார்கள். கவியா கண்களை மூடி, கைகளைக் கோத்து, தலை குனிந்து நிற்கிறாள். என் தம்பி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இது சென்னையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்களையும் ஏமாத்திட்டாங்களா?" என்றார். கவியா குழந்தையாக இருந்தபோது மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் என் தம்பி. அவர் முகத்தைப் பார்த்து, இவ்வளவும் எனக்குத் தெரியும், உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பேசாமல் இருந்ததை அவர் தம் இஷ்டப்படி அர்த்தம் செய்துகொண்டு போய் மனு கொடுத்துவிட்டார்.

நேற்று மாலை கவியா போனில் பேசினாள். சேவை நாட்கள் முடிந்தும் கடல் கொந்தளிப்பால் கப்பல் விடவில்லை என்றும், சும்மா இருக்காமல் அதே கிராமத்தில் வேலை செய்வதாகவும், அந்த ஊர் நர்சம்மா கூடவே வருவதாகவும் சொன்னாள். போட்டோவைப் பற்றிக் கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்கப்பா. நானும் கண்ண மூடிட்டு நிப்பேன். அன்னக்கிப் பாத்தவங்க மொகமெல்லாம் வரும். அது சாமி கும்புட்டதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொன்னாள். மதம் மாறப்போகிறாயா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. சிக்னல் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்தபோது பெரியநாயகி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டதாக அறிந்தேன். பெண்ணின் அப்பாதான் கப்பலேற்றிவிட்டார் என்று அவர் சொன்னதை என் தம்பி பொய் என்று மறுத்ததாகவும், அதனால்தான் என்னை அழைத்ததாகவும் உதவி ஆய்வாளர் தெரிவித்தார். பெரியநாயகி சொன்னது உண்மை. என் மகளை யாரும் கடத்தவில்லை. அவள் தன் விருப்பத்தின் பேரிலும் என் சம்மதத்தின் பேரிலும் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகக் காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி என்னுடன் பேசுவதில்லை. மகள் மதம் மாறிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டதற்கு, அப்படி நடந்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும், ஆனால் அவள் என் மகள் இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு எதில் விருப்பம் என்பதை அவள் வந்த பிறகு அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

என் தம்பி பொய்யாக மனு கொடுத்ததாக எங்கேயும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார். தெரியவிடாமல் வைத்திருந்தது நான். அவர் இப்போது நிலைய வாசலில் தம்முடைய வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வண்டியில்தான் இருவரும் ஒன்றாக வந்தோம். நான் சொன்ன இவ்வளவையும் அவருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இதில் கூட்டியதும் குறைத்ததும் எதுவும் இல்லை. எல்லாம் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) வே. தெட்சிணாமூர்த்தி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்

குறிப்பு: வாக்குமூலம் கொடுத்தவரின் வேண்டுகோள்படி மேற்கண்டது மனுதாரர் நீலகண்டனுக்கும் படித்துக் காட்டப்பட்டது. மனுவில் மேல்நடவடிக்கை வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பெரியநாயகி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மனுதாரர் தம் அண்ணனிடம், கப்பல் என்றைக்கு வருகிறது என்று மட்டும் கேட்டார்.