பறவைப் படம் போட்ட போர்டு

எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே அபார்ட்மெண்ட் போலிருக்கிறது.

"நம்ம ஏரியை நாம சுத்தமே பண்ணியிருக்கக் கூடாதுக்கா."

"ஏன்டி? ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு எல்லாருமா இறங்கிப் பண்ணமே."

"கரையோரம் இருந்த கோரைப்புல்லையும் குப்பைன்னு நெனச்சு வேரோட பிடுங்கிட்டோம். நீர்க்கோழி அதுலதான் கூடு கட்டுமாம்."

"யாருமே சொல்லலையே."

"நாம யாரையும் கேக்கலையே."

சிக்னலில் பஸ் நின்றது.

"ஏரிக்கரையில நாம வச்ச பறவைப் பட போர்டு முன்னால நின்னு, இதுல எதும்மா இப்ப இங்க இருக்குன்னு என் பொண்ணு கேக்கறாக்கா."

"என்ன சொன்ன?"

"காக்கா இருக்கேன்னு சொன்னேன். போர்டுல தேடிப் பாத்தா. காக்கா படத்த நாம போடவே இல்ல."