அவள் காதுக்கு மட்டும்

வெள்ளிக்கிழமை விடியும்போது புதுப் பாட்டுகள் வந்துவிடும் என்பதால், வியாழக்கிழமை சாயங்காலமே ஹெட்போனைத் துடைத்து வைத்துவிடுவது என் வழக்கம். பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். அதே வேட்டியின் இன்னொரு துண்டால் குடிதண்ணீரை வடிகட்டுவேன். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக்கூட நம்மால் தீங்கு வரக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள்.

நடந்ததை நடந்தபடி இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அவசரமில்லை என்று நாற்காலியும் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

என் பெயர் குந்துநாதன். வயது நாற்பத்தேழு. தமிழ்ச் சமணன், ஊரில் எங்களை நைனார் என்பார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. கல்யாணம் அமையவில்லை. மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டு, நானே உடன் போய்ச் சத்தத்தைச் சரிபார்த்து வைப்பது தொழில். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாம் அதில் அடங்கும். அது பிழைப்பு. பாட்டு வேறு.

ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு சிங்கிள் வரும். சென்னைப் பையன்களின் ராக் வரும். பெங்களூருப் பெண்கள் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் பாடுவது வரும். யாரோ ஒருவர் படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்திருப்பார். உற்றுக் கேட்டால் பின்னால் குக்கர் விசில் இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பேன். நல்ல இடம் வரும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பது போலத் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். பல வருடம் அப்படித் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரி தன் கிடங்கின் மாடியைச் சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரிகளுக்கு விட்டபோது, சத்தம் வைக்க என்னைக் கூப்பிட்டார். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிந்துவிடும். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். தறி வீட்டுப் பிள்ளைகள், ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், கல்லூரிப் பெண்கள். அங்கேதான் பிரவீனாவின் குழுவைக் கண்டேன். அவள் பாடுவாள். உதயகுமார் கிட்டார். கோகுல் டிரம்ஸ். பிரவீனா முசரவாக்கத்துப் பெண். அவள் அப்பா தேவசகாயம் வேன் ஓட்டுகிறார். அவளும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டுதான் பாடினாள்.

அவர்களுடைய முதல் சிங்கிள், நம் ஊரில் சாயத் தண்ணீர் ஓடுகிற ஒரு வாய்க்காலைப் பற்றியது. இன்றைக்கு என்ன நிறம் என்று வாய்க்காலிடம் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள் ஒரு பெண். அவ்வளவுதான் பாட்டு. அதன் கடைசி வரியில் அவள் குரல் மேலே போய், உடையாமல், உடைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். முதல் முறை கேட்டபோது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நான் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. எங்கள் வழக்கம் அது. கச்சேரி முடிந்து எல்லோரும் பரோட்டாக் கடைக்குப் போகும்போது நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். ஐந்தரைக்கே மொட்டைமாடியில் ஒரு நாற்காலி போட்டுத் தனியாகச் சாப்பிட்டு முடித்திருப்பேன். மூன்றாவது சனிக்கிழமை பிரவீனா இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நைனார் அண்ணா, தனியா துன்னா ஒடம்புல ஒட்டாதுணா. நானும் இப்பவே துன்றேன்."

டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். "வெங்காயம் போடல. உருளக்கெயங்கும் இல்ல. உதய் சொன்னான், மண்ணுக்குக் கீய வெளையிறது நீங்க துன்ன மாட்டீங்களாமே."

அவள் வீட்டில் மீன் இல்லாமல் சனிக்கிழமை கழியாது. எனக்காகத் தனியாகக் கிளறிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பெரிய தருமங்களை விட இப்படிப்பட்ட சின்ன அன்புதான் உலகத்தைத் தாங்குகிறது என்று நான் நம்புகிறேன். இன்றும் நம்புகிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே அந்த வாரத்துப் பாட்டுகளைப் பேசுவோம்.

"கோயமுத்தூர் பசங்க புதுசா போட்டுக்கீறாங்களே, கேட்டீங்களாணா?"

"கேட்டேம்மா. டிரம்ஸ் மெஷினு."

"அய்ய, மெஷினா. கோகுல் நாலு நாளா அத வாசிச்சுக்கினு கெடக்குறான், கை வரமாட்டுதுன்னு. சொன்னா அயுதுடுவான்."

"மெஷினுக்குக் கை வலிக்காதும்மா."

"உங்களுக்கு மட்டும் எப்டிணா இதெல்லாம் கேக்குது? எங்க காதெல்லாம் தோடு மாட்ட தான் ஆவும்."

நான் சிரித்தேன். அந்த மாடியில் என்னைச் சிரிக்க வைத்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருமுறை மேடை விளக்கில் ஒரு அந்துப்பூச்சி சுற்றியது. பாட்டின் நடுவில் விளக்கை அணைத்து அது போகும்வரை காத்திருந்தேன். "பூச்சிக்கோசரம் கரண்ட நிறுத்துறாரு பா" என்று உதயகுமார் மைக்கிலேயே சொன்னான். கூட்டம் கை தட்டியது. எனக்கா பூச்சிக்கா என்று தெரியவில்லை.

போன வருடம் புரட்டாசியில், டப்பாவை மூடிக்கொண்டே பிரவீனா சொன்னாள். சென்னையில் ஒரு கம்பெனி அவர்களுடைய பாட்டைக் கேட்டிருக்கிறது. பங்குனியில் நேரில் வந்து பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறது. சரியாக அமைந்தால் வருடத்துக்கு ஆறு சிங்கிள். கொச்சி, பெங்களூரு, கோவா என்று ஊர் ஊராகக் கச்சேரி.

"சவுண்டுக்கு அவங்க ஆளே இருக்காங்களாம்ணா. நீங்க சனிக்கெயம சாப்ட ஆளு பாத்துக்கணும், இன்னா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். அன்று இரண்டு கை சாதம் மிச்சம் வைத்தேன், காக்கைக்குப் போட்டேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. அதனால் காதில் ஒரு சின்னக் கருவியைச் செருகிக்கொள்வார்கள். அதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மிக்ஸரில் இருந்து நான் வைப்பேன். கூட்டத்துக்கு அது கேட்காது. பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரனுக்கும் கேட்காது. அவள் காதுக்கு மட்டும் போகும். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் காவல் ஒன்றும் அதில் உண்டு. மூன்று டெசிபல், எங்கள் பேச்சில் மூன்று புள்ளி, ஏறினால் காது தாங்கும் நேரம் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காவலை எடுத்தேன். ஒரு புள்ளி ஏற்றினேன்.

ஒரு புள்ளி என்பது ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இன்னொரு புள்ளி. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி இருக்கும். அதற்கும் நான் இலவசமாகவே போனேன். மார்கழி வந்தபோது நான் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. "அண்ணா, என் வாய்ஸ் கொஞ்சம் ஏத்துங்க" என்று அவளே கேட்டாள். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

இடது காதில் மட்டும்தான் செருகுவாள். கூட்டத்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று வலது காதைத் திறந்து வைப்பாள். "ஒத்தக் காதுல போட்டா காதுக்குக் கெடுதல்மா, ரெண்டுலயும் போட்டுக்கோ" என்றேன். தொழில் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அது சரியான அறிவுரை.

தையில் ஒரு நாள் சாப்பிடும்போது அவள் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "யாரோ விசில் அடிக்கிறாங்க பாருங்கணா."

யாரும் அடிக்கவில்லை. அவளுக்கு அது நிற்கவும் இல்லை. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காது டாக்டரிடம் நானே என் வண்டியில் அழைத்துப் போனேன். சத்தம் அதிகமாக வைப்பார்களா என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். எங்க அண்ணா தான் வெப்பாரு. பூச்சிக்குக்கூட பாப்பாரு" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். திரும்பி வரும் வழியில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. வந்திருந்த புதுப் பாட்டை வண்டியில் போட்டேன். அதில் டிரம்ஸின் தாளத்தட்டு மிக மெல்லியதாகச் சிலம்பிக்கொண்டே வரும், மணலைச் சலிப்பது போல. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாக்குதுணா, டிரம்ஸே இல்லாம அமைதியா" என்றாள்.

அன்று நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பங்குனிக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.

சென்னையில் நடந்தது எனக்கு உதயகுமார் சொல்லித்தான் தெரியும். அவர்கள் கொடுத்த ஹெட்போனில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றச் சொன்னாள். மறுபடி ஏற்றச் சொன்னாள். "இதுக்கு மேல வெச்சா காது போயிடும்மா. ஊர்ல உனக்கு யாரு சவுண்டு வெக்கிறது?" என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். வாய்க்கால் பாட்டைப் பாடினாள். கடைசி வரியில் குரல் போக வேண்டிய இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டதாம். அவளுக்கு அது தெரியவில்லை. பாடி முடித்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தாளாம்.

இடது காது அநேகமாக இல்லை. வலதில் பாதி. அந்த நரம்பு திரும்ப வளராது என்று டாக்டர் சொன்னார். கம்பெனி உதயகுமாரை மட்டும் எடுத்துக்கொண்டது.

பிரவீனா பாடுவதை நிறுத்தினாள். சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வேறு குழுக்கள் பாடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "இங்க கேக்குதுணா" என்பாள். ஐந்தரைக்குச் சேர்ந்து சாப்பிடுவோம். "ரைட்டு சைடு வாங்கணா" என்று என்னை வலது பக்கம் உட்கார வைப்பாள். நான் பேசும்போது என் உதட்டையே பார்ப்பாள். என் வாழ்நாளில் நான் பேசும்போது யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இந்த ஆறு மாதம் நான் வெள்ளிக்கிழமைகளில் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

போன வாரம் சென்னையிலிருந்து வந்த உதயகுமார், நான் கோயிலில் இருந்தபோது மிக்ஸரைத் திறந்து பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன அளவு வைத்தேன் என்பதைத் தேதி போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். வேலையில் நான் ஒழுங்கு. அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறைக்கிற எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. எங்களுக்குத் தசலட்சணப் பர்வம் என்று பத்து நாள் நோன்பு உண்டு. அது முடிந்ததும், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கும்படி ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்போம். கேட்டுப் பெற்றுவிட்டால் மனத்தில் கறை நிற்காது. இந்த வருடம் அது ஒரு சனிக்கிழமை முடிந்தது. காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. மழை வந்துவிடும் என்று ஸ்பீக்கர்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். பிரவீனா எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மாடியில் காயப்போட்ட நூலை யாரோ அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காவலை எடுத்தது, ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளி ஏற்றியது, ரெண்டு காதிலும் போடச் சொன்னது. எதையும் விடவில்லை. அவள் காது போகட்டும் என்று தெரிந்தே செய்தேன், அவள் ஊரை விட்டுப் போகாமல் இருக்கச் செய்தேன் என்றும் சொன்னேன். கைகூப்பி, பொறுத்துக்கொள்ளம்மா என்றேன். அவள் கடைசியில் திரும்பி, கூப்பிய என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரிணா, சரிணா. வருஷா வருஷம் இதே தானா? துன்னுங்க, மய வர்துக்குள்ள."

இதைத்தான் முதலிலேயே உங்களிடம் சொல்ல நினைத்தேன். யாருக்குத் தீங்கு நடந்ததோ அவளே பொறுத்துவிட்டாள். இதற்கு மேல் இந்தத் தாளில் எழுத வேண்டியது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னீர்கள் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அன்று மட்டும் இடது பக்கம் உட்கார்ந்தேன். வலது பக்கம் வெயில் அடித்தது.